வந்த கனியும் வைத்த பெயரும்

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், அவன் முன்னோர் செய்த அருஞ்செயல்களுள் ஒன்றாக, அவர்கள் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்ததைப் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் குறிப்பிடுகின்றார். பகையரண் அழித்தலும் வேள்வி முடித்தலும் மன்னர்க்குப் புகழாக எண்ணப்பட்ட காலத்தில், ஒரு பயிரைப் பிறநிலத்தினின்றும் கொண்டுவந்து ஊன்றியதும் குலப்பெருமையாகக் கருதப்பட்டது என்பது நின்று நோக்கத்தக்கது. கரும்பு வானுலகினின்றும் வந்ததென்பது பழைய மரபு. இன்றைய பயிரியலார் நியூகினித் தீவை அதன் தாயகமாகக் காட்டுவர். வானினின்றும் வந்ததோ, கடல் கடந்து வந்ததோ, அது வெளியிலிருந்து வந்தது என்னும் நினைவு ஔவையார் காலத்தில் மறையாமல் இருந்தது. வந்த பயிரை வந்ததென்று சொல்வதில் அன்றைய புலவர்க்குக் கூச்சம் இல்லை.

அந்த அதியர் மரபின் சுவடு ஆரணி வட்டாரத்திலும் உண்டு. போளூரை அடுத்த திருமலைச் சமணக் குன்றில் உள்ள கல்வெட்டொன்று, எழினி என்பான் எடுப்பித்த இயக்கன் இயக்கியர் திருமேனிகளைத் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் பிற்காலத்தில் புதுப்பித்தான் என்று கூறுகின்றது. இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டும் அக்குன்றில்தான் இருக்கின்றது. அறிஞர் பலரும் அதனைக் காணவே அங்குச் செல்வர். கரும்பு தந்த குடியின் பெயரைத் தேடிச் செல்வார் குறைவு.

முள்ளிப்பட்டு, ஆரணியை ஒட்டிய பட்டு நெசவூர். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பட்டு’ தறியில் நெய்யும் பட்டே என்று எண்ணி வெளியூரார் மகிழ்வதுண்டு. ஆனால் தொண்டை நாட்டில் செங்கல்பட்டு முதலாகப் ‘பட்டு’ என முடியும் ஊர்கள் மிகப் பல. அவற்றுள் தறியொலி கேளாத ஊர்களே மிகுதி. ‘பற்று’ என்பதன் திரிபே இவ்வீறு என்று ஊர்ப்பெயராய்வார் பலர் கொள்வர். எஞ்சுவது முள்ளி. முட்செடிகள் சிலவற்றிற்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. அவற்றுள் நீர்முள்ளி ஈரமான கரைகளில் தழைப்பது, மருந்துக்குப் பெயர்பெற்றது. ஆர்க்காடு என்பதில் ஆத்தி இருக்கின்றது. காஞ்சி என்பதே ஒரு மரத்தின் பெயர். அந்த வரிசையில் முள்ளிப்பட்டின் பெயரிலும் இருப்பது தறியன்று, செடியே.

நெசவாளர் வீட்டின் முன்புறம் தறிக்கும் பாவுக்கும் உரியது. விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவு விரிக்கும் ஊர்களில் வாசலில் மரம் வளர்க்க இடமேது? மரமெல்லாம் புழைக்கடைக்குச் சென்றன போலும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பாயும் அச்சிறு நிலத்தில் வாழை, முருங்கை, எலுமிச்சை, கருவேப்பிலை, பப்பாளி, கொய்யா, சீத்தா, வேலியில் அவரை, கூரைமேல் பரங்கி. நம் ஊர்களின் எந்தப் புழைக்கடையிலும் காணத்தக்க இவ்வொன்பதில் ஏறத்தாழப் பாதி இராசராச சோழன் கண்டறியாதவை. இதனை அறியாமையால்தான் சோழர் காலத்தைப் பாடும் நம் பாவலர் சிலர் அரசியின் நந்தவனத்தில் கொய்யாவைப் பழுக்க வைத்துவிடுகின்றனர். ஓரிருவர் கரிகாலன் விருந்தில் மிளகாயையும் அரைத்ததுண்டு.

‘கொல்லை’ என்னும் சொல்லையும் இங்கே கருதலாம். பிற மாவட்டத்தார் பலர்க்கு அது வீட்டின் பின்புறம். ஆர்க்காட்டு வட்டாரத்தில் கொல்லை என்பது வானம் பார்த்த புன்செய் நிலம். சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்துப் புனத்திற்கு வழங்கும் பொருளும் அதுவே. நூலில் தேடும் பொருளைக் கடலைக் கொல்லையில் களையெடுப்போர் நாவில் கேட்கலாம்.

அயலார் கப்பல் வருமுன் இவ்வட்டாரத்தில் என்ன விளைந்தன? அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. இன்றைய செங்கம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளது. அம்மலைச்சாரலில் எள், தினை, வரகு, அவரை, ஐவனநெல், கரும்பு, ஐயவி என்னும் வெண்கடுகு, இஞ்சி, கவலைக் கிழங்கு, வாழை, நாவல், மா, பலா எனப் புலவர் அடுக்கிச் செல்கின்றார். கூத்தர்க்கு வழிகாட்டும் பாட்டாகத் தோன்றும் அது, ஒரு நிலத்தின் விளைபொருட் கணக்காகவும் விளங்குகின்றது. அக்கணக்கிலுங்கூட எல்லாம் இம்மண்ணிற் பிறந்தவை அல்ல. முக்கனியுள் மாவும் பலாவும் இந்திய மண்ணுக்கு உரியன; வாழையோ தென்கிழக்காசியத் தீவுப் பகுதிகளில் மனிதர் பழக்கி வளர்த்து, பின் இங்கு வந்தது. நாம் நாளும் கரைக்கும் புளி ஆப்பிரிக்காவில் பிறந்தது என்பர். எனினும் இவை வந்த காலம் எழுத்துக்கு எட்டாத பழமை. ஆதலின் அவற்றை வந்தவை என்று சொல்ல நாவெழுவதில்லை.

மரம் வைப்பது எல்லார்க்கும் இயல்பாகக் கிடைத்த உரிமையும் அன்று. பல்லவர், சோழர் செப்பேடுகளில் பிரமதேயமாக ஊர் கொடுக்கும்போது, கொள்வோர்க்குரிய உரிமைகள் வரிசையாகச் சொல்லப்படும். வாய்க்கால் கல்லிக்கொள்ளலாம், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், தமனகமும் செங்கழுநீரும் நடலாம், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது. தென்னை நடுதல் அரசன் ஆணை பெற்று அடையும் சலுகையாக எழுதப்பட்டிருக்கின்றது என்றால், அச்சலுகை பெறாதார் நிலை என்ன என்பதை உய்த்துணரலாம். அக்காலத்து வரிப் பட்டியல்களில் தறியும் உண்டு. தறிக்கு இறை, மரத்துக்கு ஆணை. நெசவாளன் வீட்டின் முன்னும் பின்னும் அரசின் கண் இருந்தது.

வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினான். கப்ரால் 1500இல் பிரேசில் கரையைத் தொட்டு அப்படியே இந்தியாவுக்கும் வந்தான். அமெரிக்க மண்ணும் நம் மண்ணும் ஒரே கப்பல் வழியில் இணைந்தன. ஐரோப்பியர் தம் குளிர்நாட்டு ஆப்பிளை இச்சமவெளியில் விளைவிக்க இயலவில்லை. ஆனால் அவர்கள் பிரேசிலிலும் மெக்சிக்கோவிலும் கண்ட பயிர்கள் வெப்ப நிலத்தினின்றும் வெப்ப நிலத்திற்கு வந்தமையால் இங்கே வேரூன்றின. கொச்சித் தோட்டங்களில் முந்திரி மரத்தைக் கண்டதாக கிறிஸ்தோவாவ் டா கோஸ்டா 1578இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1678 முதல் 1693 வரை வெளிவந்த வான் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ தொகுதிகளில் முந்திரி, கொய்யா, பப்பாளி, சீத்தா ஆகியன மலையாளக் கரைச் செடிகளோடு செடியாக இடம்பெற்றுவிட்டன.

இவற்றுக்குத் தமிழர் பெயர் வைத்த முறை சுவையானது. கல்வெட்டோ ஏடோ சொல்லாத வரலாற்றைச் சொற்கள் காத்து வைத்திருக்கின்றன. அன்னாசி, பப்பாளி என்பன வந்த பெயரையே நாவுக்கேற்ப வளைத்துக் கொண்டவை. ‘அன்னாசி’ தென்னமெரிக்கத் துப்பி மொழிச் சொல். போர்த்துகீசியர் வாய்வழி நமக்கு வந்தது. கொய்யாவும் போர்த்துகீசியரின் ‘கொயாபா’ என்பதன் மரூஉ என்பர். கொய்யாத கனி என்று அதற்குப் பொருள் விரிப்பது சொல்விளையாட்டு; பட்டிமன்றத்திற்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. பரங்கிக்காய் தன்னைக் கொணர்ந்த பரங்கியரின் பெயரையே சுமந்து நிற்கின்றது. மலையாளத்தில் முந்திரிக்குப் பறங்கிமாவு என்றொரு பெயருண்டு.

இரண்டாம் வகை, பழைய பெயரைப் புதியதற்குச் சூட்டியது. முந்திரிகை என்பது முன்னர்த் திராட்சைக்குரிய பெயர். அப்பெயரைப் பிரேசில் மரம் எடுத்துக்கொள்ளவே, உரியவன் ‘கொடிமுந்திரி’ என்று அடைமொழி சேர்த்துக் கொண்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. தக்காளி என்பதும் அவ்வாறே. மணத்தக்காளி போன்ற நம் நாட்டுச் சிறுகனிச் செடிகளின் பெயர் அது. இன்று தக்காளி என்றால் யாரும் அவற்றை நினைப்பதில்லை.

மிளகாய் தனித்து நோக்கத்தக்கது. மிளகு போன்று உறைக்கும் காய், ஆதலின் மிளகாய். தமிழ்ச் சமையலில் உறைப்பு என்றால் மிளகுதான் என்றிருந்த காலம் அப்பெயரில் உறைந்திருக்கின்றது. ஆனால் மிளகு மலைநாட்டு மழைக்கும் மரநிழலுக்கும் உரிய கொடி. ஆரணிச் சமவெளியில் அது வளராது. காசு கொடுத்தே வாங்க வேண்டும். மிளகாயோ ஒரு பிடி விதையிருந்தால் கொல்லையில் விளைந்துவிடும். எளியவன் குழம்பு உறைப்பதற்கு மேற்குமலை வணிகனை நம்பியிருந்த நிலை இதனால் மாறியது. மருந்துக் குழம்பிலும் பொங்கலிலும் மட்டும் மிளகு தன் பழைய ஆட்சியை விடாது வைத்திருக்கின்றது.

மூன்றாம் வகை ‘சீமை’ அடைமொழி பெற்றவை. சப்போட்டாவுக்குச் சீமை இலுப்பை என்று பெயர், ஈரப்பலாவுக்குச் சீமைப்பலா. பெயரில் சீமை இல்லாத கொடுக்காப்புளியும் அமெரிக்க மரமே. பிலிப்பைன்ஸ் தீவுகள் வழியாக நம் கரை சேர்ந்தது. பள்ளி வாயிலில் சிறுவர்க்கு விற்கும் அக்காயை அயல்நாட்டுச் சரக்கு என்று எவரும் ஐயுறார்.

இவ்வட்டாரத்தின் வரலாற்றையே மாற்றிய விருந்தாளி வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, ஆர்க்காட்டு மாவட்டங்களில் மல்லாட்டையாகச் சுருங்கியது. தென்னமெரிக்கப் பயிருக்கு பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் வாய்த்து, அது திருவண்ணாமலை உழவன் வாயில் தேய்ந்து, தனித்தமிழ்ச் சொல் போல் ஒலிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்தினின்றும் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்குக் கடலை ஏற்றுமதியானபோது வரகும் சாமையும் விளைந்த கொல்லைகள் கடலைக் கொல்லைகளாயின. பின்னர் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்கள் பரவின. வயிற்றுக்கு விளைந்த நிலம் பணத்துக்கு விளையத் தொடங்கிய திருப்பம் அது.

இனி, பட்டு நெய்வோர் அறிய வேண்டிய ஒரு கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நுங்கம்பாக்கத்தில் அவர்க்கு ஒரு செடித்தோட்டம் இருந்தது. இந்த வெப்பக் கரையில் எது விளையும், எது விளையாது என்று சோதிப்பதே அவர்க்கு வாழ்நாள் வேட்கை. கியூ தோட்டத்தோடு தொடர்புடைய ஜோசப் பேங்க்சுக்கு 1786 முதல் எழுதிய கடிதங்களில் அவ்வேட்கையைக் காணலாம். அவர் முயன்றவற்றுள் இரண்டு நேராகப் பட்டுத்தறியைத் தொடுவன. ஒன்று முசுக்கட்டை, அதாவது பட்டுப்புழு உண்ணும் மல்பெரி. மற்றொன்று, சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி வாழும் சப்பாத்திக்கள்ளி. இரண்டுமே மனிதர் உண்ணத்தக்க கனி தருவன என்பது ஓர் ஒற்றுமை.

முசுக்கட்டைப் பதியன்களை ஆண்டர்சன் கருநாடகப் பகுதியெங்கும் தம்மோடு கடிதத் தொடர்புடைய அலுவலர்க்கு அனுப்பி நடச் செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் மைசூர் நாட்டில் திப்பு சுல்தானும் வங்காளத்தினின்றும் பட்டுப்புழு வருவித்து அத்தொழிலை ஊன்றிக்கொண்டிருந்தான். 1782 ஜூன் மாதத்தில் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் கும்பினிப் படையும் ஆரணியருகே மோதின. அதற்குப் பத்தாண்டுக்குள் அதே இரு தரப்பாரும், ஒருவர் மேட்டு நிலத்திலும் மற்றவர் கடற்கரைச் சமவெளியிலும், ஒரே செடியை நட்டு வளர்த்தனர். பீரங்கியை எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்தப் போட்டியை எழுதவில்லை.

மைசூரில் பட்டு நிலைத்தது, சமவெளியில் நிலைக்கவில்லை. முசுக்கட்டை இங்கே வளராததன்று, வளரும். புழுதான் தாங்குவதில்லை. இருபத்தைந்து பாகை அளவிலான மிதவெப்பமே பட்டுப்புழுவுக்கு உகந்தது. மைசூர் மேட்டு நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி அது இயல்பாகவே உண்டு. ஆர்க்காட்டுக் கோடையில் எங்ஙனம் கிட்டும்? வெப்ப நாட்டில் எல்லாம் விளையும் என்னும் நம்பிக்கைக்கு எல்லையுண்டு என்பதைப் புழு உணர்த்தியது. ஆரணியிலும் காஞ்சியிலும் நெய்யும் பட்டுக்கு நெடுங்காலம் பெங்களூர்ப் பக்கத்து நூலையே எதிர்நோக்க நேர்ந்ததன் பின்னணியில் இத்தோல்வியும் உண்டு.

கள்ளியின் கதை இன்னும் விசித்திரமானது. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தனர். கள்ளிமடல் நெடுநாள் வாடாதிருப்பதால் கடலோடிகளின் ஸ்கர்வி நோய்க்கு அதனை உணவாக்கலாம் என்றும் ஆண்டர்சன் பரிந்துரைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வந்த பூச்சி, உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று. அதன் காட்டு உறவு. சாயம் தேறவில்லை, ஆனால் பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. அதனைக் கண்டு 1830களில், களையாகப் பெருகிய கள்ளியை அழிக்கவென்றே தென்னிந்தியாவில் அப்பூச்சியை விட்டனர். ஒரு களையை ஒழிக்க வேற்று நாட்டுப் பூச்சியை வேண்டுமென்றே ஏவிய முதல் நிகழ்ச்சியாக உலக அறிவியலார் இதனைக் குறிப்பர். அப்பூச்சிக்கு அடங்காத வேறொரு கள்ளியினம் பின்னர் ஏரிக்கரையையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது. 1926இல் இலங்கையினின்றும் மற்றொரு பூச்சி கொணரப்பட்ட பின்னரே அது ஒடுங்கிற்று. எஞ்சிய புதர்களில் சிவந்து பழுக்கும் சப்பாத்திப் பழத்தை முள் நீக்கித் தின்று நாக்குச் சிவந்த சிறுவர்க்கு இந்தக் கதை தெரியாது.

ஆண்டர்சன் 1809இல் சென்னையிலேயே மறைந்தார். செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அவர்க்குச் சிலை உண்டு. 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றிற்று. சைதாப்பேட்டையில் அரசின் பண்ணையும் வேளாண்மைப் பள்ளியும் அமைந்து, 1906 அளவில் கோவைக்கு இடம்பெயர்ந்தன. இவ்வளவு போதும், நிறுவனங்களின் வரலாறு நிறுவனங்களின் மலர்களில் உண்டு.

சீத்தாப்பழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பர்கூத் தூபியின் சிற்பத்தில் சீத்தாக்கனி இருப்பதாக அலெக்சாந்தர் கன்னிங்காம் கருதினார். ஆகவே அது இந்தியக் கனியே என வாதிட்டவர் உண்டு. பெயரோ சீதையை நினைவூட்ட, ‘இராமசீத்தா’ என்று அதன் இனத்தொன்றுக்கும் பெயரிட்டு மக்கள் இணையாக்கிவிட்டனர். பயிரியலார் அதனை அமெரிக்க மரம் என்றே உறுதிப்படுத்துகின்றனர். இலையுதிர்த்து வறட்சியைத் தாங்கும் இயல்பினால், ஜவ்வாது மலைச் சரிவுகளில் நட்டாரின்றித் தானே முளைத்துக் காய்க்கின்றது. காட்டில் தானே வளர்வதெல்லாம் காட்டுக்குரியது என்று கொள்வதற்கில்லை.

அவ்வாறாயின் இந்நிலத்துக்கே உரிய கனிகள் எங்குற்றன? களா, காரை, சூரை, இலந்தை, விளா, நாவல் முதலானவை முல்லை நிலத்து ஆயரின் பசி தீர்த்தவை. அவற்றைத் தோட்டத்தில் வைப்பாரில்லை. வேலியிலும் ஏரிக்கரையிலும் தாமே நின்றன. வேலி கம்பியாகி, கரைப்புறம்போக்கு வீட்டுமனையானபோது அவை சொல்லாமல் மறைந்தன. வந்த மரங்களுக்கு வரவேற்பு எழுதும்போது, இருந்த மரங்களுக்கு இரங்கற்பா பாட ஆளில்லை. நாட்டுப் பயிருக்கும் சில வேளை மதிப்பு வாய்ப்பதுண்டு. வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆரணிப் பட்டுக்கும் அக்குறியீடு உண்டு. களாவுக்கும் காரைக்கும் விண்ணப்பம் எழுதுவார் யார்?

பாலையின் நிலை இவையனைத்தினும் வேறானது. உலக்கைப்பாலை எனப்படும் அம்மரம் தமிழகத்து வறண்ட காடுகளுக்கு உரியது. பாலைத் திணைக்குப் பெயர் தந்தது இதுவே என்பாரும், வெட்பாலையே என்பாரும் உளர். இலங்கையின் வன்னிப் பகுதியில் பாலைப்பழம் பருவந்தோறும் சந்தைக்கு வரும் இன்சுவைக் கனி. தமிழகத்திலோ அதன் பெயரைத் தேர்வுத்தாளில் மட்டும் கேட்கலாம். எனினும் அது மறையவில்லை. சப்போட்டாவும் பாலையும் ஓரினம். சப்போட்டாவின் ஒட்டுக்கன்று உருவாக்கும் நாற்றங்கால்களில், விதையிலிருந்து வளர்த்த பாலைக் கன்றையே வேர்ப்பகுதியாக வைத்து, அதன்மேல் சப்போட்டாக் கிளையை நெருக்கொட்டு முறையில் இணைப்பர். இந்த மண்ணின் வறட்சிக்கும் இறுகிய நிலத்திற்கும் ஈடுகொடுப்பது பாலையின் வேர். மேலே காய்ப்பது மெக்சிக்கோவின் கனி. கன்று வாங்கிச் செல்வோர்க்கு நாற்றங்காலில் ஓர் அறிவுரை சொல்லி அனுப்புவர்: ஒட்டுக்குக் கீழே ஏதேனும் தளிர்த்தால் உடனே கிள்ளி எறிந்துவிட வேண்டும்.